புதன்கிழமை உப்பு

"இன்னிக்கும் உப்பை விக்கலைன்னா எப்படிங்க? கொஞ்சம் மேல பாருங்க."

"பாத்தேன் மேடம். அழகா இருக்குது."

"அழகா? அது மழைங்க, கௌதமன்."

கௌதமன் சிரித்தான். மரக்காணம் உப்பளத்துப் பாத்திகளில் தேங்கியிருந்த தண்ணீரில் கருமேகங்கள் தலைகீழாக மிதந்தன. வானத்தின் குறுக்கே யாரோ ஒரு வரப்பைப் போட்டு, அதில் தங்கள் இருவரை மட்டும் நிறுத்திவைத்ததுபோல் அருள்மொழிக்குத் தோன்றியது. அந்த நினைப்பை உதறினாள். வேலை நேரத்தில் இப்படியெல்லாம் தோன்றக் கூடாது.

அவள் விரிவாக்கத் திட்டத்தின் களப் பணியாளர். புதன்கிழமைதோறும் வருவாள். வரவு செலவு பார்ப்பது, பாத்தியிலிருந்து வாரியெடுத்த உப்பை அன்றைக்கே வியாபாரியிடம் தள்ளிவிடாமல் விலை ஏறும்வரை வைத்திருப்பது, ஏறியதும் விற்றுவிடுவது. இவற்றைச் சொல்லித் தருவது அவள் வேலை. இந்த அளத்தில் அவளை நம்பிச் சேர்ந்தது கௌதமன் ஒருவன்தான். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கோடையில் வாரியெடுத்த உப்பை அவன் குவித்துப் பனையோலை வேய்ந்தான். விலை ஏறியது. விற்கச் சொன்னாள். அதற்குப் பிறகு வரும் மூன்றாவது புதன்கிழமை இது. ஓலைக் குவியல் அப்படியே நின்றது.

"போன வாரம் அமாவாசைன்னீங்க."

"ஆமாங்க."

"அதுக்கு முந்தின வாரம், லாரி டிரைவர் கூனிமேட்டுல நிக்காஹ்வுக்குப் போயிட்டாருன்னீங்க."

"போனாருங்க. பிரியாணி சாப்பிட்டுட்டுத்தான் வந்தாரு."

"இன்னிக்கு என்ன?"

அவன் சற்று யோசித்தான். "இன்னிக்கு மேகமா இருக்குது."

பக்கத்து வரப்பில் மண் அணைத்துக்கொண்டிருந்த கொளஞ்சி அக்கா நிமிர்ந்தாள். "விடுங்க மேடம். அவன் உப்பு எந்த மழைக்கும் கரையாது."

"மழைக்குக் கரையாத உப்பு எங்கக்கா இருக்குது?"

"இங்க இருக்குதே," என்று கொளஞ்சி அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அருள்மொழிக்குச் சிரிப்பு வரவில்லை. "விளையாட்டு இல்லக்கா. இந்த உப்பு கரைஞ்சா என்ன பேசுவீங்க? அந்தப் பொண்ணு பேச்சைக் கேட்டு ஒருத்தன் வருசப்பாட்டைத் தண்ணியில விட்டான்னுதானே? அப்புறம் யாரு வெச்சு விப்பாங்க? எல்லாரும் பழையபடி வியாபாரி சொல்ற வெலைக்குத்தான் போவீங்க." கௌதமன் பக்கம் திரும்பினாள். "எனக்கும் வானூர்ல மல்லாட்டைக் கடலை போடுறவங்க காத்துக்கிட்டு இருக்காங்க. உங்க உப்பு போனாத்தான் நான் அங்க போக முடியும். மூணு வாரமா ஆபீஸ்ல கேக்கறாங்க."

"நல்ல ஊருதான் வானூரு," என்றான் அவன் மெதுவாக.

"ஊரைப் பத்தியா இப்ப பேச்சு? காரணம் இல்லாம ஒரு நாள்கூட சரக்கை வெச்சிருக்கக் கூடாதுன்னு நான் பாடம் நடத்தினேனா இல்லையா?"

"நடத்தினீங்க. காரணத்தோடதான் வெச்சிருக்கேன்."

"என்ன காரணம்?"

தூரத்துப் பாத்தியில் நின்றிருந்த நாரைகள் ஒவ்வொன்றாக எழுந்து, மேலே ஒன்றும் தண்ணீருக்குள் ஒன்றுமாய் இரண்டிரண்டாகப் பறந்தன. முதல் துளி தண்ணீரில் விழுந்தது. கீழே கிடந்த மேகத்தில் ஒரு வட்டம் விரிந்து மறைந்தது.

"அடியில ஈரம் ஏறியிருக்கான்னு பாக்கறேன்," என்று அருள்மொழி குவியலை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.

"வேணாம் மேடம்."

முதன்முறையாக அவன் குரல் பதறியது. அதற்குள் அவள் ஓலைக்குள் கையை விட்டிருந்தாள். மணிக்கட்டு போயிற்று. முழங்கை போயிற்று. தோள்வரை போயும் உப்பு தட்டுப்படவில்லை. உள்ளே விரல்களில் பட்டது கடற்காற்று மட்டும்தான்.

மறு கையால் ஓலையை விலக்கிப் பார்த்தாள். சவுக்குக் கழிகளை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தான். மற்றபடி வெறுந்தரை.

"நீங்க விக்கச் சொன்ன மறுநாளே லோடு ஏத்திட்டேன் மேடம். நீங்க சொன்ன வெலைக்கேதான் போச்சு." கௌதமன் தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அடுத்த வருசம் எல்லாருமே வெச்சுத்தான் விக்கப் போறாங்களாம். அளம் முழுக்க அதுதான் பேச்சு. உங்ககிட்ட மட்டும் சொல்ல வேணாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

கொளஞ்சி அக்கா திரும்பி நின்று, அணைத்த மண்ணையே மறுபடி அணைத்தாள். மழை வலுத்தது. அருள்மொழியின் கை இன்னும் ஓலைக்குள்ளேயே இருந்தது.

"மேடம், அடுத்த புதன்கிழமையும் வந்து, வித்துடுங்கன்னு சொல்லிட்டுப் போறீங்களா?"