ஆல் பாஸ்

அவள் உட்காரவில்லை.

நகராட்சிக் கூட்ட அரங்கில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பியிருந்தன. கதவுக்கு வெளியே பிரியாணிப் பாத்திரம் வந்து இறங்கிவிட்டது. வாசனை உள்ளே வரை வந்தது.

அதுவரை எல்லாம் சுருக்காகத்தான் நடந்தது. தலைவர் தீர்மானத்தின் எண்ணைச் சொல்வார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். "ஆல் பாஸ்" என்பார்கள். அடுத்த எண்.

அவளும் தட்டியிருக்கிறாள். கவுன்சிலராகி இத்தனை நாளும் அதுதான் அவள் வேலை.

"முப்பத்தொண்ணு. பன்னிரண்டாவது வார்டு."

பன்னிரண்டு அவளுடைய வார்டு. அங்கே என்ன வேலை நடந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்துவிட்டாள்.

"அதைப் படிச்சிட்டுப் போங்க."

"உங்க வார்டு வேலைதாம்மா. நல்லதுதான். உக்காருங்க" என்றார் தலைவர்.

"நல்லதுன்னா சத்தமாவே படிக்கலாமே."

யாரோ சிரித்தார்கள். குறிப்பெழுதும் உதவியாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். படித்துத் தொலையட்டும் என்பதுபோல் கையை அசைத்தார்.

உதவியாளர் படித்தார்.

"பன்னிரண்டாவது வார்டு ஓடைப் பாலத்தின் இருபுறமும் இரும்புக் கைப்பிடி அமைக்கும் பணி முடிவுற்றதால், ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கியதற்கு மன்றம் ஒப்புதல் அளிக்கிறது."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

அப்புறம் காது அடைத்தது.

அந்தப் பாலத்தில் கைப்பிடி கிடையாது. இரண்டு பக்கமும் வெறும் விளிம்பு. மழைக்குப் பிறகு ஒருநாள் தையல்காரர் இசக்கி சைக்கிளோடு சறுக்கி ஓடைக்குள் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மிஷினை மிதிக்க இனி முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் மனைவி வள்ளிமயில் நேராக இவள் வீட்டுக்குத்தான் வந்தாள். ஏசவில்லை. அழவும் இல்லை.

"எங்களுக்கு நடந்தது நடந்துபோச்சு. பிள்ளைங்க நடக்குற பாலம். ஒரு கம்பியாவது போட்டுக் குடுங்கக்கா."

மறுநாளே பொறியாளர் அறைக்குப் போய் நின்றாள். அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நிதி இல்லம்மா" என்றார்.

அதை அப்படியே சுமந்துகொண்டு போய் வள்ளிமயிலிடம் சொன்னாள். தன் வாயால்.

நிதி இல்லையாம்.

வள்ளிமயில் அதை நம்பினாள். "நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்று காப்பி போட்டுக் கொடுத்தாள். உள்ளே கட்டிலில் இசக்கி முனகுவது கேட்டது. அந்தக் காப்பியை இவள் குடித்தாள்.

இப்போது தொண்டையில் அது திரும்பக் கசந்தது.

பொறியாளர் முன்வரிசையில்தான் இருந்தார். கைபேசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒப்பந்ததாரர் யாரு?"

"அதெல்லாம் எதுக்கும்மா." தலைவரின் குரல் இறங்கிவிட்டது. இப்போது அதில் கோபம் இல்லை. கெஞ்சல் மாதிரி ஒன்று இருந்தது. "வேண்டாம். நான் சொல்றேன்ல. உங்க நல்லதுக்குத்தான்."

"பேரப் படிங்க."

உதவியாளர் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"ச. மாரீஸ்வரன்."

அவள் கொழுந்தன்.

தம்பி பெயரில் கணவன் காண்ட்ராக்ட் எடுப்பது அவளுக்குத் தெரியும். எல்லாம் வெளியூர் வேலை என்றுதான் சொல்லியிருந்தான்.

நிதி இல்லையாம் என்று அன்று ராத்திரி இவள் புலம்பியபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "நிதி இல்லேன்னா அவங்கதான் என்ன செய்வாங்க, விடு" என்றான். ரசம் கேட்டான். ஊற்றினாள்.

அரங்கைச் சுற்றிப் பார்த்தாள். யாருக்கும் ஆச்சரியம் இல்லை என்பதை அவள் கவனித்தாள். ஒருத்தர் முகத்தில்கூட.

இத்தனை பேருக்கும் தெரியும்.

அவளைத் தேர்தலில் நிறுத்தினார்கள். ஜெயிக்க வைத்தார்கள். மாலை போட்டார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் போய் நிதி இல்லை என்று சொல்ல ஒரு வாய் வேண்டியிருந்தது. அதற்குத்தான்.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

தலைவர் குனிந்து மைக்கை அணைத்தார். "இப்படியே விட்டுருவோம்மா. வெளிய தெரிஞ்சா உங்க குடும்பத்துக்குத்தான் அசிங்கம். வீட்டுக்காரரும் கீழதான் நிக்கிறாரு, கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க. அவரும் கேக்கட்டும்."

"எம்மா, சாயங்காலம் வீட்டுக்குப் போகணும்ல."

"போகணும். அந்தப் பாலத்து வழியாத்தான் போகணும்."

உதவியாளரிடம் திரும்பினாள்.

"பன்னிரண்டாவது வார்டு உறுப்பினர் எதிர்ப்பு. கைப்பிடி போடவே இல்லை. எழுதுங்க."

உதவியாளர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தலைவரின் முகத்தைப் பார்த்தார்.

"அவர் முகத்துல என்ன இருக்கு. எழுதுங்க."

அவர் எழுதினார். எழுதி முடிக்கும்வரை அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலைவர் மறுபடி மைக்கைப் போட்டார். தொண்டையைச் செருமினார்.

"முப்பத்திரண்டு. ஒன்பதாவது வார்டு."

மேசை தட்டக் கைகள் உயர்ந்தன.

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. ஒன்பதாவது வார்டு உறுப்பினர் செண்பகம். கணவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூட்டம் முடியும்வரை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். அவள் குரல் எப்படியிருக்கும் என்றே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

"அதையும் படிங்க" என்றாள்.