பொங்காத பொங்கப்பானை

வானத்துக்கே மூடி போட்டுவிட்ட ஒரு நகரத்தில் தை பிறந்தது. வயல் கிடையாது, மாடு கிடையாது. வீட்டுக்கு ஒரு கைப்பிடி அரிசியும் ஒரு பொட்டலம் பால்பொடியும் மேலிடத்திலிருந்து வந்திருந்தன. ஒரு சொட்டுப் பால்கூட வழியக் கூடாது என்பது சட்டம். பால் பானையின் கழுத்தைத் தொட்டதும் அடுப்பு தானாக அணையும். அது அணைந்ததும் சுவரிலிருக்கும் ஸ்பீக்கர் "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தும். வீட்டுக்காரர்கள் கை தட்டுவார்கள்.

"அண்ணே, பேருதான் பொங்கப்பானை. ஒரு தடவைகூடப் பொங்கினதில்லை. இன்னிக்குக் கொஞ்சம் கண்ணசந்துடுங்களேன்" என்றது பானை.

"அசந்தா என்னைப் பழைய இரும்புக்குப் போட்டுடுவாங்க, தங்கச்சி" என்றது அடுப்பு.

ஆனால் பச்சைத் தாளில் வெட்டிய மஞ்சள் கொத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பானை நின்ற கோலத்தைப் பார்த்ததும் அடுப்புக்கு மனசு இளகிவிட்டது.

பால் கழுத்தைத் தாண்டியது. நுரை தளும்பி, புஸ்ஸென்று கிழக்குப் பக்கமாக வழிந்தது. அடுப்பு அணையாததால் ஸ்பீக்கருக்கு எப்போது கத்துவதென்று தெரியவில்லை.

வீட்டுக்காரி செங்கமலம்தான் முதலில் கத்தினாள். "பொங்கலோ பொங்கல்!" தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டு, சிரித்து, இன்னும் பலமாகக் கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து, வழிந்த பாலைப் பார்த்துவிட்டு அவர்களும் கத்தினார்கள். மாடிக்கு மாடி சத்தம் ஏறியது.

ஸ்பீக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பால் வீண். இந்த அடுப்பை உடனே கழற்றவும்" என்று அறிவித்தது. மறுபடியும் அறிவித்தது.

"என்ன தம்பி சொன்னே?" என்றது அடுப்பு, தீயைக் கூட்டியபடி. "ஒண்ணுமே காதுல விழலையே!"