கண்ணில்லாத சேவகன்

சேவகனுக்குக் கண்ணே இல்லை.

அவள் கொண்டை ஊசியைப் பிடித்தபடி கோயில் சுவரைப் பார்த்தாள்.

ஏரோது அரசனின் ஆள். இடது கையில் ஒரு குழந்தையின் கால். தலைகீழாகத் தொங்கும் குழந்தை. வலது கையில் வாள். கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரச் சாமியார் ஆசையாக வரைய வைத்த படம். வேறு எதில் சிக்கனம் பிடித்தாரோ, சிவப்பை மட்டும் அள்ளிப் பூசச் சொல்லியிருந்தார்.

இன்று மாசில்லாக் குழந்தைகள் திருநாள்; குழந்தை இயேசுவைத் தேடி ஏரோது வெட்டிக் கொன்ற பிள்ளைகளின் நாள். பிள்ளையைப் பறிகொடுத்த பெண்கள் பூசை முடிந்ததும் வரிசையாக வந்து சேவகனின் கண்ணில் குத்துவார்கள். குத்திய ஊசியை மறுபடி தலையில் செருகக் கூடாது. கீழே தகரத் தட்டில் போட்டுவிட்டு, அழாமல் வீடு போக வேண்டும். ஊர் வழக்கம்.

எத்தனை தாய்மார். கண் இருந்த இடத்தில் செங்கல் தெரிந்தது.

"குத்தும்மா. மனசு ஆறும்," என்றாள் பின்னால் நின்ற மாமியார்.

அதே வாய்தான் ஆஸ்பத்திரியில், "வழுக்கி விழுந்துட்டா டாக்டரம்மா," என்றது.

அவள் வழுக்கி விழவில்லை.

குழம்பில் உப்புக் கூடிவிட்டது. அவள் புருஷன் கஸ்பார் தட்டை வீசினான். முடியைப் பிடித்துத் தரையில் தள்ளி வயிற்றில் மிதித்தான். ஏழு மாத வயிறு. அவள் இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். கைமேலேயே மிதித்தான். விரல் முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. உள்ளே பிள்ளை ஒருமுறை துள்ளியது.

பிறகு துள்ளவில்லை.

அந்த விரல் கோணலாகத்தான் கூடியது. அதில்தான் இப்போது ஊசி இருந்தது.

படத்தின் ஓரத்தில் ஒரு தாய் சேவகனின் மணிக்கட்டைக் கடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் சேவகனின் கண்தான் வேண்டியிருந்தது.

பாவம், சேவகன். இவளை அவன் தொட்டதுகூட இல்லை.

அவள் திரும்பி நடந்தாள்.

தகரத் தட்டில் ஊசி விழும் சத்தம் கேட்கவில்லை. மாமியார் அதைக் கவனிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கஸ்பார் வாசல் பெஞ்சில் இருந்தான். வெள்ளை வேட்டி, கழுத்துக் கயிற்றில் மாதா படம் தைத்த உத்திரியம். கடலுக்குப் போய் வந்த அசதியில் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான். பூசைக்கு அவளைக் கூட்டி வந்ததே அவன்தான்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குத்தியாச்சா?" என்றான், கண்ணைத் திறக்காமல்.

"இன்னும் இல்ல."