ஈயச் சுவருக்கு இந்தப் பக்கம்

கம்ப்யூட்டருக்குள் ஓர் ஈயச் சுவரை எழுப்பி, அதன்மேல் லட்சக்கணக்கில் கதிர்வீச்சுத் துகள்களை ஏவிக்கொண்டிருந்தாள் சத்தியபிரியா.

பக்கத்தில் அவள் கணவன் அருண்பாண்டியன் மலைப்பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். மனைவி அடுத்த மாதம் வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போகிறாள் என்று பெருமாள்மலையில் அவன் சொல்லாத கடை பாக்கியில்லை. வத்தலக்குண்டுக்குப் போய்ப் பெரிய சூட்கேஸ் ஒன்றும் வாங்கி வந்துவிட்டான். விட்டால் அவனே விமானம் ஏறிவிடுவான்.

அந்த ஆய்வுக்கூடத்தில் நிஜத் துகள்கள் பாயும். அவற்றுக்கும் அவள் உட்காரப்போகும் நாற்காலிக்கும் நடுவே இருப்பது இந்தச் சுவர்தான். எத்தனை துகள்கள் ஊடுருவும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வது அவள் வேலை.

உடம்புக்குப் பதிலாகத் தண்ணீரை வைத்துப் பார்ப்பது அந்தத் தொழிலின் வழக்கம். ஆள் பருமனுக்குத் தண்ணீர் வைத்துப் போன வாரமே பார்த்தாயிற்று. கவலையில்லை என்று வந்தது. அவளோடு வரப்போகும் பேராசிரியர் சுந்தரராஜ் இருவருக்கும் டிக்கெட் போடச் சொல்லிவிட்டார்.

கல்லூரி நாளிலிருந்து அவள் ஏங்கிக் கிடந்த பயணம்.

இன்று காலை கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வந்தவள், நேராகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டாள். பெரிய தண்ணீர் உருவத்தை அழித்தாள். நாற்காலிக்கு ஒரு சாண் மேலே, எலுமிச்சம்பழ அளவில் ஒரு தண்ணீர் உருண்டையை வைத்தாள்.

அதற்குள் எவ்வளவு புகலாம் என்பதற்கும் தனியாக ஒரு விதி இருக்கிறது. மிகக் கறாரான விதி.

திரையில் கோடுகள் ஈயத்தில் மோதிச் சிதறின. அநேகமாக எல்லாமே உள்ளேயே அடங்கிப்போயின. சில மட்டும் சுவரைத் தாண்டின. அவற்றிலும் ஒன்றிரண்டு உருண்டைக்குள் புகுந்து போயின.

கூட்டிப் பார்த்தாள். விதி அனுமதித்ததைவிடக் கூடுதல்.

மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதேதான். கம்ப்யூட்டரில் சுவரை எவ்வளவு வேண்டுமானாலும் தடிமனாக்கலாம். அங்கே கட்டி முடித்துவிட்ட சுவரில் அது முடியாது.

பயணம் போயிற்றே என்றிருந்தது. கூடவே சந்தோஷமும் வந்து தொலைத்தது.

“சார் மட்டும் போய்ட்டு வரட்டும்ங்க. நான் போகல.”

அருண்பாண்டியன் பூண்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்தான். “என்ன புள்ள இது? சொவரு தாங்கும்னு நீதான சொன்ன?”

“எனக்கு மட்டும்னா தாங்கும்ங்க.”

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முதல் வேலையாக எழுந்துபோய், பனி வருகிறதென்று சன்னலைச் சாத்தினான்.