அடியெடுத்துக் கொடுத்தவர்

சரகோசா நகரத்து நாடக மேடையில் ரெமேதியோஸ் முப்பத்தெட்டு வருடம் கதாநாயகியாக நின்றாள். ஒரு நாடகத்தைக்கூட அவள் மனப்பாடம் செய்ததில்லை. வாரத்துக்கு ஒரு புது நாடகம் போடுகிற கம்பெனியில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? மேடையின் முன் விளிம்பில் சிப்பி போல ஒரு மூடி, அதற்குக் கீழே ஒரு குழி, குழிக்குள் நாடகப் பிரதியுடன் எவரிஸ்தோ. அவர் ஒவ்வொரு வரியாக முணுமுணுப்பார். அவள் அதை அழுகையாகவோ சாபமாகவோ மாற்றி அரங்கத்தின் கடைசி வரிசை வரை வீசுவாள். பேசுவதற்கு முன் அவள் விடும் மௌனத்தைப் பத்திரிகைகள் கொண்டாடின. அது அவருக்காகக் காத்திருந்த நேரம் என்பது அவர்கள் இருவருக்குத்தான் தெரியும்.

எவரிஸ்தோவை அடக்கம் செய்த காலையில் கம்பெனி முதலாளி அவளிடம் வந்தார்.

"நீங்கதாம்மா ரெண்டு வார்த்தை பேசணும். அவரு சம்சாரம் ஆசைப்படுறாங்க."

அவள் கல்லறைக் குழியின் ஓரமாக இப்படியும் அப்படியும் நடந்தாள். கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடியும் கழற்றினாள். கடைசியில் நடுவில் வந்து நின்று, பழகிய அளவுக்குத் தலையைச் சாய்த்தாள். கூட்டம் காத்திருந்தது, அந்த மௌனம் அவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அது நீண்டுகொண்டே போனது. யாரோ இருமினார்கள். மண்வெட்டியோடு நின்றவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மண்ணைத் தள்ளிரலாமாம்மா?"

அவள் குழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருப்பா. அவரு இன்னும் எடுத்துக் கொடுக்கல."