இரண்டாவது ரவுண்டு

ஞாயிறு மாலை க்ளைவ் வீட்டுக்குள் வந்து பையைப் போட்ட விதத்திலேயே, ஏதோ சரியில்லை என்று அவன் மனைவி டோனாவுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன ஆச்சு?"

"நாக்-அவுட். ரெண்டாவது ரவுண்டுலயே முடிஞ்சிடுச்சு."

டோனா பதறிப்போய் அவன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்லவேளை, பெரிய காயம் எதுவும் இல்லை.

க்ளைவுக்குத் தோற்பதுதான் தொழில். நாளைய சாம்பியன் என்று, போட்டி நடத்தும் புரமோட்டர்கள் வளர்க்கிற இளம் குத்துச்சண்டை வீரர்களுக்கு எதிராக இறங்குவான். விழாமல் கடைசி மணிவரை தாக்குப்பிடித்து, பாயின்ட்டில் தோற்றுக்கொடுப்பான். இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊரில் அவர்கள் குடும்பம் இத்தனை வருடம் ஓடியது அதில்தான்.

"சரி விடு. நாக்-அவுட்னா டாக்டர் ஒரு மாசம் இறங்க விடமாட்டார், அவ்வளவுதானே? நான் பேக்கரியில கூடுதலா ஷிஃப்ட் கேக்கறேன். அப்புறம் புரமோட்டர் விக் உன்னைக் கூப்பிடாமலா இருப்பார்?"

"விக் இனிமே கூப்பிடமாட்டார், டோனா. எந்தப் புரமோட்டரும் கூப்பிடமாட்டான்."

"ஒரே ஒரு தடவை விழுந்ததுக்கா?"

க்ளைவ் தன் இடது கையையே வெறித்துப் பார்த்தான்.

"என்கூட மோதின அந்தப் பையன் ரீஸை அடுத்த மாசம் டிவியில இறக்கறதா இருந்தாங்க. பாவி, கையைக் கொஞ்சம் கீழ இறக்கிட்டான். என் கை தானாப் போயிடுச்சு. விழுந்தது நான் இல்ல டோனா, அவன்."

 டோனா, ஜெயித்து வந்த புருஷனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.