போகிறவன் பாக்கி

"அறுநூத்து நாப்பத்தேழு தினார். எண்ணி வச்சுட்டுப் போகச் சொல்லு," என்றார் மேனேஜர் விஜயபாஸ்கர்.

சொல்ல வேண்டியவன் ஃபோர்மேன் செல்வசிங். கேட்க வேண்டியவன் எதிரே நின்ற கானா நாட்டுக்காரன் குவாபெனா. செல்வசிங் இந்தியில் சொன்னான். குவாபெனா தலையை மட்டும் ஆட்டினான்.

குவைத்தின் ஃபஹாஹீலில் பெரிய கட்டடங்களின் ஏ.சி. மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி அது. எந்த மெஷின் நின்றாலும் முதலில் குவாபெனாவைத்தான் தேடுவார்கள். சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போச்சு என்று சொல்லிவிடுவான். ஆனால் விசா கார்டில் அவன் கிளீனர். சம்பளம் நூற்றெண்பது தினார். அவனிடம் வேலை கற்ற மணிகண்டன் கார்டில் டெக்னீஷியன், சம்பளம் முந்நூற்றுப் பத்து.

மூன்று வருஷம் கேட்டுப் பார்த்தான். கார்டில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் சம்பளம் என்றார் மேனேஜர். ஆப்பிரிக்காக்காரனுக்கு இதுவே ஜாஸ்தி என்று மெஸ்ஸில் பேசிக்கொண்டதும் அவன் காதுக்கு வந்தது. கடைசியில் வேறு கம்பெனியில் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு, ராஜினாமா எழுதிவிட்டான்.

அங்கேதான் மேனேஜருக்கு இடித்தது. அந்த வருஷமே உகாண்டா வெல்டர் போயிருந்தான், கென்யா எலக்ட்ரீஷியன் போயிருந்தான். நல்ல கைகாரர்கள் ஏன் ஒவ்வொருவராகப் போகிறார்கள் என்று தலைமை ஆபீஸிலிருந்து ஹஃபீஸா மேடம் கேட்டிருந்தார். மூன்றாவது ஆளும் போனால் பதில் சொல்ல வேண்டும். சம்பளத்தைக் கூட்டவும் மனசில்லை. பழைய கணக்கைப் புரட்டினார். பயிற்சிச் செலவு என்று ஒரு வரி கிடைத்தது. அதைக் கட்டினால்தான் வேறு கம்பெனிக்குப் போக ரிலீஸ் பேப்பர் என்று முந்தாநாளே சொல்லியிருந்தார்.

"நூத்தெண்பது வாங்குறவன் எங்கருந்து கட்டுவான்? இங்கதான் கெடப்பான்," என்று இப்போது தமிழில் சொல்லிச் சிரித்தார்.

செல்வசிங்கும் கூடச் சிரித்தான். பிறகு மேஜைப் பக்கம் குனிந்தான்.

"சார், வாயால சொன்னா நாளைக்கி நான் கேக்கவே இல்லன்னுருவான். லெட்டர்பேடுல போட்டுருங்க. எதுக்குப் பயிற்சி, எப்ப முடிச்சான், அன்னையிலேருந்து என்ன வேல பாக்கான், எல்லாம் வெவரமா இருக்கணும். அப்பதான் பய தப்ப முடியாது."

கதவோரம் நின்ற மணிகண்டனுக்கு இது பிடிக்கவில்லை. மூன்று வருஷம் குவாபெனாவோடு ஒரே ரூமில் படுத்தவன், ஒரே தட்டில் மீன் தின்றவன், இப்படிக் கழுத்தை அறுக்கிறானே என்று முணுமுணுத்தான். செல்வசிங் அவன் பக்கம் திரும்பவே இல்லை. நீ போய் உன் வேலையைப் பாருலே என்று மட்டும் சொன்னான்.

மேனேஜருக்கு யோசனை பிடித்துப் போனது. தானே டைப் அடித்தார். சேர்ந்த முதல் மாதமே கம்பெனி செலவில் பயிற்சி முடித்து, அன்றிலிருந்து இன்றுவரை முப்பத்தாறு மாதம் ஏ.சி. டெக்னீஷியனாக வேலை பார்க்கும் குவாபெனா, கம்பெனிக்கு அறுநூற்று நாற்பத்தேழு தினார் தர வேண்டும். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

குவாபெனா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டான். ஒரு காப்பி வாங்கினான். போனில் போட்டோவும் எடுத்து, ஏதோ தட்டினான்.

"இப்பக் கேளு. கட்டுறானா, இருக்கானா?" என்றார் மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து.

குவாபெனா செல்வசிங்குக்குக் காத்திருக்கவில்லை. மேனேஜருக்கும் புரியும் இந்தியில் தானே சொன்னான்.

"இருக்கேன் சார். ஆனா நான் கிளீனர் இல்ல, முதல் மாசத்துலேருந்து டெக்னீஷியன்னு நீங்களே முத்திரை போட்டுக் குடுத்துட்டீங்க. மணிகண்டன் சம்பளத்துக்கு மாசம் நூத்து முப்பது குறைச்சல். முப்பத்தாறு மாசத்துக்கு நாலாயிரத்து அறுநூத்து எண்பது. உங்க பாக்கியை அதுல கழிச்சுக்குங்க. மிச்சம் நாலாயிரத்து முப்பத்து மூணு. பேப்பர் ஹஃபீஸா மேடத்துக்குப் போயிருச்சு."

மேனேஜர் செல்வசிங்கைப் பார்த்தார். ஏன்யா, நீ யார் ஆளு என்று கேட்க வாயெடுப்பதற்குள் மேஜைப் போன் அடித்தது. மறுமுனையில் ஹஃபீஸா மேடம். இரண்டு நிமிஷம் மேனேஜர் ஆமா மேடம், சரி மேடம் என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை.

போனை வைத்துவிட்டு, அறுநூற்று நாற்பத்தேழைப் பேனாவால் அடித்தார். பக்கத்தில் 'தீர்ந்தது' என்றும், கீழே 'கம்பெனி தர வேண்டியது 4033' என்றும் எழுதினார். டெக்னீஷியன் என்று புது கார்டு எடுப்பதற்கான விண்ணப்பத்தை எடுத்துக் குவாபெனா முன்னால் வைத்தார்.

"லெட்டர் எழுத வைக்கிற ஐடியா உனக்கு எப்படிய்யா வந்துச்சு?" என்று செல்வசிங்கிடம் கேட்டார்.

"எனக்கு எங்க சார் அவ்வளவு மூள? நான் என்னென்ன பேசணும்னு நேத்து பூரா சொல்லித் தந்ததே குவாபெனாதான்."